சம்பந்தன் ஐயாவைப் பற்றி என் கடையில் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை என்.சி. வீதியில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜூலைக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் பலர் பத்திரிகைத் துண்டுகளோடு வரத் தொடங்கினார்கள். "எமது மாவட்டத்து அரசியல் தலைவர் ஒருவர்" என்று ஒப்படை கொடுத்திருக்கிறார்களாம். கொப்பி எடுக்கும் இடைவெளியில் கேள்விகள் வரும். வரிசையில் நிற்கும் பெரியவர்கள் பதில் சொல்லப்போய் தங்களுக்குள் சண்டை பிடிப்பார்கள். ஒரே சந்தேகம் பத்தாவது தடவையும் வந்தபோது, சரி, எழுதி மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவோம் என்று தோன்றியது. இரண்டு தாளில் ஆரம்பித்தது, இப்போது இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. அவருக்கு வாக்குப் போட்ட தேர்தலும் உண்டு, போடாத தேர்தலும் உண்டு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அங்கிள், சம்பந்தன் ஐயா ஆர்? ஒப்படைக்கு நாலு வரி சொல்லுங்கோ.

இராஜவரோதயம் சம்பந்தன். 1933 பெப்ரவரி 5ஆம் திகதி பிறந்தவர். தொழிலால் சட்டத்தரணி. 1977இல் முதன்முதலாகத் திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். 2001 முதல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர். 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவர். 2024 ஜூன் 30ஆம் திகதி இரவு கொழும்பில் காலமானார். அப்போதும் அவர் பாராளுமன்ற உறுப்பினர்தான், வயது 91. அடுத்த ஞாயிறு, ஜூலை 7ஆம் திகதி, இங்கே திருகோணமலையில் தகனம் நடந்தது.

நாலு வரிக்கு இது போதும். நல்ல புள்ளி வேண்டுமென்றால் கீழேயும் வாசியுங்கள்.

எந்த ஸ்கூல்ல படிச்சவர்? எங்கட ஸ்கூல் எண்டு சேர் சொல்றார்.

உங்கள் சேர் புனித சூசையப்பர் கல்லூரி ஆசிரியர் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அங்கே மட்டும் படிக்கவில்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, குருநாகல் புனித அன்னாள் கல்லூரி, மொறட்டுவை புனித செபஸ்தியார் கல்லூரி என்று வேறு மூன்று பள்ளிகளிலும் படித்திருக்கிறார். பிறகு கொழும்பில் சட்டக் கல்லூரி. வடக்கு, கிழக்கு, வடமேல், மேல் என்று நாலு திசையில் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். குருநாகலிலும் மொறட்டுவையிலும் படித்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களவர் பத்திரிகையில் மட்டும் வாசித்த ஆட்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

அவற்ர அப்பாவும் திருகோணமலை எம்.பி.தானே?

இல்லை. இது எல்லோரும் விடும் பிழை, பெயரால் வருவது. இரண்டு இராஜவரோதயங்கள் இருக்கிறார்கள். எம்.பி.யாக இருந்தவர் என். ஆர். இராஜவரோதயம். 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சி நாடு முழுவதும் இரண்டே இரண்டு இடங்களில்தான் வென்றது. ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாவே (செல்வநாயகம்) காங்கேசன்துறையில் தோற்ற தேர்தல் அது. அன்று கட்சியின் மானத்தைக் காப்பாற்றிய இருவரில் ஒருவர் இந்த என். ஆர். இராஜவரோதயம்.

சம்பந்தனின் தகப்பனார் ஏ. இராஜவரோதயம். கல்லோயாத் திட்டத்தில் களஞ்சிய அத்தியட்சகராக வேலை பார்த்தவர். கிழக்கில் அரசாங்கம் செய்த பெரிய குடியேற்றத் திட்டங்களில் முதலாவது அதுதான். அதன் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவரின் மகன், பிற்காலத்தில் அரச குடியேற்றங்களை எதிர்த்துப் பேசியே தொண்டை வற்றினார்.

கட்சிக்கு எப்ப வந்தவர்?

1956இல். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம். அந்த ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையில்தான் நடந்தது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் சனம் கால்நடையாக வந்து சேர்ந்தது. சமஷ்டி (கூட்டாட்சி) வேண்டும், தமிழுக்குச் சம அந்தஸ்து வேண்டும், மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வேண்டும், குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்று அங்கே தீர்மானம் எடுத்தார்கள். சம்பந்தனுக்கு அப்போது 23 வயது. பிறகு அவர் பேசிய பேச்சுகளில் பாதி இந்தக் கோரிக்கைகளைச் சுற்றியே வரும்.

கட்சியில் சேர்ந்து 21 வருடம் கழித்துத்தான் எம்.பி. ஆனார். இன்றைக்குக் கட்சியில் சேர்ந்து ஆறு மாதத்தில் வேட்பாளர் பட்டியலைப் பார்க்கிற ஆட்களுக்கு இது விளங்காது.

கூட்டணி, கூட்டமைப்பு, தமிழரசு எண்டு மாறி மாறிச் சொல்றியள். எல்லாம் ஒண்டுதானே?

ஒன்று இல்லை. ஆனால் குழம்புவது உங்கள் பிழையும் இல்லை.

தமிழரசுக் கட்சி 1949 டிசம்பர் 18ஆம் திகதி செல்வநாயகம் தொடங்கியது. 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தபோது அது மற்றவர்களோடு சேர்ந்து தமிழர் விடுதலைக் கூட்டணி ஆனது. இதைத்தான் பெரியவர்கள் "கூட்டணி" என்பார்கள். சின்னம் உதயசூரியன். 1977இல் சம்பந்தன் வென்றது அதில். 2001 ஒக்ரோபரில் கூட்டணி, தமிழ்க் காங்கிரஸ், முன்னாள் ஆயுத இயக்கங்களான டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப். நாலும் சேர்ந்து அமைத்தது "கூட்டமைப்பு". முதல் தேர்தலில் அவர்களும் சூரியனில்தான் கேட்டார்கள்.

பிறகு கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரிக்கும் மற்றவர்களுக்கும் பிணக்கு வந்து, சூரியன் சின்னத்தைப் பயன்படுத்த முடியாமல் போனது. அப்போதுதான் பல வருடமாகப் பெயரளவில் கிடந்த தமிழரசுக் கட்சியைத் தூசு தட்டி எடுத்து, அதன் வீட்டுச் சின்னத்தில் 2004 தேர்தலைக் கேட்டார்கள். ஆக, கூட்டமைப்பு என்பது சேர்க்கை, தமிழரசு என்பது அதற்குள் இருந்த கட்சி, வீடு அந்தக் கட்சியின் சின்னம்.

மொத்தம் எத்தினை வருசம் எம்.பி.யா இருந்தவர்? 47 எண்டு பேப்பரில கிடக்கு.

1977இலிருந்து 2024 வரை கழித்தால் 47 வரும். ஆனால் இடையில் ஓட்டை இருக்கிறது. 1977 முதல் 1983 வரை, பிறகு 1997 முதல் 2000 வரை, பிறகு 2001 டிசம்பர் முதல் இறக்கும் வரை. கூட்டினால் கிட்டத்தட்ட 32 வருடம். 1989, 1994, 2000 மூன்று தேர்தலிலும் அவர் தோற்றிருக்கிறார். இதைப் பலர் சொல்வதில்லை. 1983க்கும் 1997க்கும் இடையில் 14 வருடம் பாராளுமன்றத்துக்கு வெளியே.

அந்தக் காலத்தில் சும்மா இருக்கவில்லை. 1985இல் பூட்டானில் திம்புப் பேச்சுவார்த்தை நடந்தபோது அமிர்தலிங்கம், சிவசிதம்பரம் ஆகியோரோடு கூட்டணி சார்பில் போனவர் சம்பந்தன்.

1983இல ஏன் பதவி போனது? ஆர் பறிச்சது?

சட்டம் பறித்தது. தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம் முடிந்த கையோடு, ஓகஸ்டில், அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். தனிநாடு கேட்டு வாக்கு வாங்கி 18 இடங்களில் வென்று வந்த கூட்டணியினர் அந்தச் சத்தியத்தைச் செய்யவில்லை. ஆசனங்கள் பறிபோயின.

தங்கத்துரை செத்தாப் பிறகுதான் வந்தவராம். எலெக்சன் இல்லாம எப்பிடி எம்.பி.?

விகிதாசாரத் தேர்தல் முறையில் இடைத்தேர்தல் இல்லை. ஓர் உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ, அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்ததாக வந்தவர் போவார். 1994இல் கூட்டணிக்குத் திருகோணமலையில் கிடைத்தது ஓர் ஆசனம். அது அ. தங்கத்துரைக்குப் போனது. சம்பந்தன் அடுத்த இடம்.

1997 ஜூலை 5ஆம் திகதி ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது தங்கத்துரை கொல்லப்பட்டார். கல்லூரி அதிபரும் வேறு சிலரும் அதில் இறந்தார்கள். புலிகள் மீதுதான் குற்றம் சாட்டப்பட்டது. பதினொரு நாள் கழித்து சம்பந்தன் அந்த ஆசனத்தில் போய் அமர்ந்தார். அந்த ஆசனத்தில் அந்த நேரம் போய் உட்காருவதற்கு என்ன மனம் வேண்டும் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு. அமிர்தலிங்கம் 1989இல், தங்கத்துரை 1997இல், நீலன் திருச்செல்வம் 1999இல். கூட்டணிக்காரன் என்றால் ஆயுள் குறைவு என்று ஊரில் பேசிய காலம் அது.

திருகோணமலை எங்கட தலைநகர் எண்டு சொல்றியள். பிறகு ஏன் ஒரே ஒரு தமிழ் எம்.பி.?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நேரம் எடுப்பேன். இது விளங்கினால் மற்றப் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மாவட்டத்துக்கு நாலு ஆசனம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டச் சனத்தொகை மூன்று இலட்சத்து எண்பதாயிரத்துக்குக் கிட்ட. அதில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம். கந்தளாய், அல்லை என்று நடந்த குடியேற்றங்களும், 1977 தேர்தலுக்கு முன் சிங்களவர் கூடிய சேருவில என்று தனித் தொகுதி பிரித்ததும் இந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் கதை. இந்தக் கணக்கில் தமிழர் எல்லோரும் ஒரே பெட்டிக்குள் போட்டால் ஒன்று நிச்சயம், நல்ல நேரமென்றால் இரண்டு. 2004இல் அப்படி இரண்டு கிடைத்தது. 2010, 2015, 2020 மூன்று தடவையும் ஒன்றுதான். வாக்குப் பிரிந்தால் அதுவும் இல்லை. 2000இல் அப்படித்தான் பூச்சியம்.

யாழ்ப்பாணத்து அரசியல்வாதிக்கு மற்றச் சமூகத்தோடு பேசுவது ஒரு கொள்கை விஷயம். வேண்டுமென்றால் செய்யலாம், விட்டாலும் தேர்தலில் வெல்லலாம். திருகோணமலைக்காரனுக்கு அது சந்தைக்குப் போகிற மாதிரி. காலையில் மீன் வாங்குவது ஒருவரிடம், அரிசி வாங்குவது இன்னொருவரிடம், கச்சேரியில் கையெழுத்துக்கு நிற்பது மற்றவரிடம். சம்பந்தன் ஏன் இவ்வளவு மெல்லப் பேசினார், ஏன் எப்போதும் அளந்து பேசினார் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவர் பேசியது திருகோணமலையிலிருந்து. அதைக் கோழைத்தனம் என்பவர்களும் இந்தக் கடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் கொப்பி எடுத்துத்தான் கொடுக்கிறேன்.

மாகாண சபையில அவர் என்ன பதவி வகிச்சவர்?

ஒன்றும் இல்லை. ஒரு தடவையும் மாகாண சபைக்குக் கேட்கவில்லை. ஆனால் மாகாண சபை இல்லாமல் அவர் கதையைச் சொல்லவும் முடியாது.

1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம் வந்தது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டு, 1988 நவம்பரில் தேர்தல் நடந்து, வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். அந்தச் சபை நடந்தது நம்முடைய ஊரில். கூட்டணி அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. 2006 ஒக்ரோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. 2007 முதல் கிழக்கு தனி மாகாணம். 2008இல் கிழக்கு மாகாண சபைக்கு நடந்த முதல் தேர்தலைக் கூட்டமைப்பு புறக்கணித்தது. புலிகளிலிருந்து பிரிந்து அரசாங்கப் பக்கம் வந்த பிள்ளையான் முதலமைச்சரானார். அந்தப் புறக்கணிப்பு பிழை என்பது என் அபிப்பிராயம். இணைப்பை இழந்த கோபம் நியாயம், ஆனால் காலியாக விட்ட கதிரையில் வேறு யாராவது உட்காரத்தானே செய்வார்கள்.

2012இல் கேட்டார்கள். 37 இடங்களில் கூட்டமைப்புக்கு 11, அப்போது நாட்டை ஆண்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. சம்பந்தன் முஸ்லிம் காங்கிரசைப் பார்த்து, முதலமைச்சர் பதவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து ஆட்சி அமைப்போம் என்றார். கூடிய ஆசனம் வைத்திருப்பவன் குறைந்தவனுக்குப் பதவி கொடுப்பதா என்று தமிழர் பக்கத்தில் முணுமுணுப்பு. முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கப் பக்கம் போய்விட்டது. ஆனால் 2015இல் ஆட்சி மாறியதும் அதே ஏற்பாடு வேறு வழியில் வந்தது. நசீர் அகமட் முதலமைச்சர், கூட்டமைப்புக்கு இரண்டு அமைச்சு. கல்வி அமைச்சரானவர் திருகோணமலையின் சி. தண்டாயுதபாணி. முந்தைய பதிலில் சொன்ன சந்தைக் கணக்கை அவர் மாகாணத்தில் போட்டுப் பார்த்தது இந்த இரண்டரை வருடம்தான். 2017 செப்டெம்பரோடு சபையின் காலம் முடிந்தது.

வடக்கில் 2013இல் 38 இடங்களில் 30ஐ வென்று, ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரனை முதலமைச்சர் வேட்பாளராகக் கொண்டுவந்ததில் சம்பந்தனின் கை பெரிது. அந்த உறவு 2018இல் முறிந்து, விக்னேஸ்வரன் தனிக்கட்சி தொடங்கியது உங்களுக்குத் தெரியும்.

225 பேரில 16 பேரை வச்சுக்கொண்டு எப்பிடி எதிர்க்கட்சித் தலைவர் ஆகலாம்?

நல்ல கேள்வி. 2015 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு இரண்டு பெரிய கட்சிகளும் (ஐக்கிய தேசியக் கட்சியும் சுதந்திரக் கட்சியும்) சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தன. அரசாங்கத்தில் சேராத கட்சிகளில் பெரியது 16 பேர் கொண்ட கூட்டமைப்பு. அடுத்தது ஆறு பேரோடு ஜே.வி.பி. செப்டெம்பர் 3ஆம் திகதி சபாநாயகர் கரு ஜயசூரிய சம்பந்தனை ஏற்றுக்கொண்டார். 1977இல் அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் அமர்ந்த இரண்டாவது தமிழர். எதிர்க்கட்சிப் பிரதம கொறடா யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க.

மஹிந்த ராஜபக்ஷவோடு நின்ற ஐம்பது பேர் வரை தங்களைக் கூட்டு எதிரணி என்றார்கள், தலையை எண்ணினால் நாங்கள்தானே கூட என்றார்கள். ஆனால் அவர்கள் வென்று வந்த கட்சி அரசாங்கத்துக்குள் இருந்தது. சபாநாயகர் கட்சியைத்தான் பார்த்தார்.

பிறகு ஏன் அந்தப் பதவி போனது? கோர்ட்டில வழக்கு எண்டு ஏதோ சொல்றாங்க.

இரண்டும் வேறு வேறு, ஆனால் ஒன்றையொன்று தொட்டவை.

2018 ஒக்ரோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்தவை நியமித்தார். பெரும்பான்மை காட்ட முடியாமல் போக, நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார். 19ஆவது திருத்தத்தின்படி, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகும் வரை ஜனாதிபதி தன்பாட்டில் கலைக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேட்டால் மட்டும் முடியும். அந்தப் பாராளுமன்றத்துக்கு மூன்று வருடமும் சொச்சமும்தான் ஆகியிருந்தது. பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். அதில் சம்பந்தனும் ஒருவர். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைத்தது செல்லாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. சட்டம் படிக்கும் சிங்களப் பிள்ளையும் அந்தப் பெயரைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

அதற்கு ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 18ஆம் திகதி, சபாநாயகர் மஹிந்தவை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்றார். தேசிய அரசாங்கம் உடைந்து மஹிந்தவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு வெளியே வந்துவிட்டது, இப்போது அதுதான் பெரிய எதிர்க்கட்சி. முந்தைய கேள்வியில் எந்தக் கணக்கால் பதவி வந்ததோ, அதே கணக்கால் போனது. மஹிந்த வேறு கட்சியில் சேர்ந்துவிட்டவர், அவருக்கு ஆசனமே இல்லை என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. போதாக்குறைக்கு டிசம்பர் 12ஆம் திகதி ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணைக்குக் கூட்டமைப்பினர் ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். பிரதமரைத் தாங்கிப் பிடிக்கும் எதிர்க்கட்சி எங்கே உண்டு என்று எதிரிகள் கேட்டார்கள். கேட்பதில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன்.

திகதியைப் பார்த்தீர்களா? தமிழரசுக் கட்சி தொடங்கியதும் ஒரு டிசம்பர் 18தான்.

"தமிழரசு" எண்டாலே தனி அரசுதானே? அப்ப அந்தக் கட்சியே சட்டவிரோதம்தானே?

இதையே ஒருவர் 2014இல் உயர் நீதிமன்றத்தில் கேட்டார். கட்சியின் நோக்கம் தனிநாடு என்று அறிவிக்க வேண்டும் என்பது மனு. 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது. மனு தள்ளுபடி.

1976இல் தனிநாடு என்று போன கூட்டணியும், பிறகு பிரிக்கப்படாத நாட்டுக்குள் சமஷ்டி என்று கேட்ட கூட்டமைப்பும் ஒன்றில்லை என்பதை ஒப்படையில் பிரித்து எழுதுங்கள். இரண்டிலும் இருந்தவர் சம்பந்தன்.

அப்ப அவர் புலிகளுக்கு ஆதரவோ எதிரோ? ஒண்டைச் சொல்லுங்கோ அண்ணை.

ஒன்றைச் சொல்ல முடியாது தம்பி. அவருடைய கட்சித் தோழர்கள் எப்படிப் போனார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதே சம்பந்தன் தலைமையில் 2004இல் கூட்டமைப்பு, புலிகளே தமிழ் மக்களின் ஏகப் பிரதிநிதிகள் என்று விஞ்ஞாபனத்தில் எழுதி 22 ஆசனம் வென்றது. அதற்குச் சம்மதிக்காதவர்தான் ஆனந்தசங்கரி. நம்பிச் சொன்னாரா, உயிரோடு அரசியல் செய்யச் சொன்னாரா, சமாதானப் பேச்சுக் காலத்தில் ஒரே குரல் வேண்டுமென்று சொன்னாரா என்று கடையில் மூன்று கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். 2009க்குப் பிறகு வந்த முதல் பாராளுமன்றத் தேர்தலிலேயே, 2010இல், பிரிக்கப்படாத நாட்டுக்குள் தீர்வு என்று வந்துவிட்டார்.

சிங்கக்கொடி பிடிச்சது உண்மையோ?

உண்மை. 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில், ரணிலோடு ஒரே மேடையில். சொந்தக் கட்சியிலேயே பெரிய சத்தம் வந்தது. 2015 சுதந்திர தின விழாவுக்கும் போனார். அது கைதவறி நடந்ததல்ல, யோசித்துப் போனது. மூன்று வருடத்துக்கு முன் போரை முடித்த நாட்டின் கொடியை யாழ்ப்பாணத்தில் வைத்துத் தூக்கியது காலமும் இடமும் தெரியாத வேலை என்று எனக்கு அன்றும் பட்டது. சுதந்திர தினத்துக்குப் போனதில் எனக்கு அவ்வளவு குறை இல்லை.

அவர் பழைமைவாதியா, மிதவாதியா? பரீட்சையில் எதை எழுதுறது?

மிதவாதி என்று எழுதுங்கள், அதுதான் நம் பத்திரிகைகளில் வழங்கும் சொல். பழைமைவாதி என்று சில கட்டுரைகளில் வரும். மற்ற நாடுகளில் அந்தச் சொல்லுக்கு வரி குறை, சந்தையைத் திற, மதத்தைக் காப்பாற்று என்று ஒரு மூட்டைக் கொள்கை உண்டு. சம்பந்தனிடம் அந்த மூட்டை இல்லை. அவர் பேச்சு முழுக்க அரசியலமைப்பும் அதிகாரப் பகிர்வும்தான். நெல் விலையும் மீன் விலையும் இரண்டாம் பட்சம்.

ஆனால் சுபாவத்தில் பழைமைக்காரர், அதில் சந்தேகமில்லை. சட்டப் புத்தகம், ஒப்பந்தம், வாக்குறுதி, பாராளுமன்றப் பதிவு ஆகியவற்றில் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்தக் காலத்துச் சட்டத்தரணியின் நம்பிக்கை. பண்டா செல்வா ஒப்பந்தம் கிழிபட்டதைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அதற்குப் பிறகும் இன்னொரு ஒப்பந்தம் எழுதலாம் என்று நம்பியவர்.

ஊருக்கு என்ன செய்தவர்? ஒரு ரோட்டுப் போட்டவரோ?

இந்தக் கேள்வி முதலில் ஓட்டோக்காரர் ஒருவர் கேட்டது, இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ரோட்டுக் கணக்கில் அவருக்குப் புள்ளி குறைவு. அமைச்சர் பதவி வாங்காத கட்சி, அதனால் கையில் காசு இல்லை. அவ்வளவுதான் என்று விட்டுவிடவும் முடியாது, எட்டிப் பார்த்துக் குறை கேட்கும் ஆள் அவர் இல்லை.

ஆனால் நம்முடைய மாவட்டத்துச் சம்பூர்க் கிராமத்துக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 2006இல் இடம்பெயர்ந்த சனம். காணி ஒரு பக்கம் முதலீட்டு வலயம், ஒரு பக்கம் கடற்படை. 2015இல் 818 ஏக்கரை விடுவித்தார்கள், 2016இல் கடற்படை இருந்த 237 ஏக்கர் வந்தது. அங்கே வரவிருந்த நிலக்கரி மின்நிலையமும் கைவிடப்பட்டது. மேடையிலும் பாராளுமன்றத்திலும் ஜனாதிபதியிடமும் அவர் விடாமல் பேசிய விஷயம் சம்பூர். தனி ஒருவர் சாதனை என்று எழுதாதீர்கள், சம்பூர்ச் சனம் முகாமில் கிடந்து போராடியது. அவர் பங்கு பெரியது என்று எழுதலாம்.

இனப் பிரச்சினைக்குப் பெரிய தீர்வு வரவில்லை. 2016க்குள் தீர்வு என்று சொன்னார். புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவில் இருந்தார், 2017இல் இடைக்கால அறிக்கை வந்தது, அதோடு நின்றது. தீபாவளிக்குத் தீர்வு, பொங்கலுக்குத் தீர்வு என்று சனம் பகிடி பண்ணத் தொடங்கியது அப்போதுதான். தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறவர்கூட என் கடையில் அந்தப் பகிடியைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவ்வளவு வயசு போயும் ஏன் இளையாக்களுக்கு விட்டுக்குடுக்கேல்லை?

கட்சித் தலைவர் பதவியை 2014இலேயே மாவை சேனாதிராசாவிடம் கொடுத்துவிட்டார். பாராளுமன்ற ஆசனத்தைத்தான் விடவில்லை. 2020இல் 87 வயதில் வென்றார். கடைசி வருடங்களில் உடல்நிலையால் சபைக்குப் போவதே அரிது. விலகுங்கள் என்று கட்சிக்குள்ளிருந்தே குரல் வந்தது. ஓர் ஆசனம் மட்டும் உள்ள மாவட்டம், அந்த ஓர் ஆசனமும் கொழும்பில் படுக்கையில். இதில் நான் அவர் பக்கம் இல்லை.

இன்னொரு பக்கம், அவர் கண் முன்னாலேயே கட்சி உடைந்துகொண்டிருந்தது. 2023 தொடக்கத்தில் தமிழரசு தனித்துக் கேட்கப் போகிறது என்றதும் கூட்டமைப்பு கலைந்த மாதிரித்தான். 2024 ஜனவரியில் தமிழரசுக்குத் தலைவர் தேர்தல் திருகோணமலையிலேயே நடந்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. பிறகு அது திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காகப் போய் நின்றது. ஆசனத்தை விட்டிருந்தால் இது நடக்காமல் இருந்திருக்குமா என்று கேட்டால், இல்லை.

அவருக்குப் பிறகு ஆர் வந்தது?

ச. குகதாசன். 2020 பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்ததாக இருந்தவர், தகனம் நடந்த சில நாளில் பதவியேற்றார். தங்கத்துரைக்குப் பிறகு சம்பந்தன் போன அதே வழி, விளக்கம் மேலே இருக்கிறது. 2024 நவம்பர் தேர்தலில் குகதாசன் வீட்டுச் சின்னத்தில் கேட்டு வென்றார். நாலு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு அந்தப் பழைய ஒன்று.

பேரை ஆர். சம்பந்தன் எண்டு எழுதுறதோ, இரா. சம்பந்தன் எண்டோ?

இரா. சம்பந்தன். "ஆர்." ஆங்கிலத்தில் வருவது. சிலர் "சம்பந்தர்" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள், அவர் தேவாரம் பாடியவர். கோணேசர் மேல் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, இவர் இருபதாம் நூற்றாண்டு. போன கிழமை ஒரு பிள்ளை இரண்டு பேரின் படத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கொண்டுவந்தாள். மேலே உள்ள படத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கொப்பிக் காசு வாங்காமல் அனுப்பினேன்.